செய்திக்கும் உண்டு லைன் கிளியர்

பிறந்த ஊரை விட்டு வந்து டெல்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடித்தனம் நடத்தும் நம்மவர் இல்லங்களில், ஊரோடு பேசும் வேளை என்று ஒன்று நிலைபெற்றுவிட்டது. முன்னாளில் ஒரு கார்டு எழுதிப் போட்டுவிட்டுப் பதிலுக்குப் பல நாள் காத்திருந்த குடும்பங்கள், இன்று கைப்பேசியின் திரையிலே பெற்றோரின் முகத்தைக் கண்டு பேசுகின்றன. ஊரில் தகப்பனாருக்குச் சிகிச்சை நடந்தால், டாக்டர் சொல்வதை அங்கிருப்போரும் இங்கிருப்போரும் ஒரே நேரத்தில் கேட்க முடிகின்றது. தனித்திருக்கும் முதியோருக்கும் தொலைவில் இருக்கும் மக்களுக்கும் இது எத்துணைப் பெரிய ஆறுதல் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆயினும் அத்தகைய வேளையிலேயே தாயாரின் முகம் திரையில் அசைவற்று நின்றுவிடுகின்றது. குரல் துண்டு துண்டாக வருகின்றது. "கேட்கிறதா, கேட்கிறதா" என்று இரு தரப்பாரும் கூவுவதிலேயே பேச்சு முடிந்துபோகின்றது. உடனே நாம் கம்பெனியாரைக் குறை கூறுகிறோம். அல்லது மாதக் கட்டணத்தைக் கூட்டி, இன்னும் வேகமான இணைப்புக்கு மாறுகிறோம். மாறிய பின்னரும் குறை தீராத இல்லங்கள் பல உண்டு. காரணம் யாது? வழி அகலமாக இருந்தால் மட்டும் போதாது. அனுப்புகிறவன், பெறுகிறவனின் கொள்ளளவையும் நடுவழியின் நெரிசலையும் அறிந்து, அளவோடு அனுப்ப வேண்டும். கருவிக்கும் கருவிக்கும் இடையே தகவல் ஓடும் முறையின் உயிர்நிலை இந்த அளவறிதலே ஆகும். அதனை இக்கட்டுரையில் எளிய முறையில் விளக்க முயல்கிறோம்.

ரயில் பாதை தரும் பாடம்

ரயில்வே அலுவலில் நாளைக் கழிக்கும் நமக்கு, இவ்விஷயத்தை ரயில் பாதையைக் கொண்டு விளக்குவது எளிதாகத் தோன்றுகின்றது. ஒற்றைப் பாதையில் அடுத்தடுத்து இரண்டு ஸ்டேஷன்கள் இருப்பதாகக் கொள்வோம். முதல் ஸ்டேஷனில் வண்டி புறப்படத் தயாராக நிற்கின்றது. ஸ்டேஷன் மாஸ்டர் தம் விருப்பப்படி அதை அனுப்பிவிட முடியாது. அடுத்த ஸ்டேஷனைக் கேட்டு, அங்கிருந்து லைன் கிளியர் பெற்ற பிறகே அனுப்ப வேண்டும். அடுத்த ஸ்டேஷன்காரரோ, முன்னே வந்த வண்டி முழுமையாக வந்து சேர்ந்ததா என்று பார்ப்பார். வண்டியின் கடைசிப் பெட்டியில் தொங்கும் எல்.வி. பலகையைக் கண்ட பின்னரே, நடுவழியில் பெட்டி எதுவும் அறுந்து நிற்கவில்லை என்று அவர் துணிவார். அதன் பிறகே அடுத்த வண்டிக்கு அனுமதி கிடைக்கும்.

இந்த அனுமதியைக் கண்ணால் காணும் பொருளாகவே ஆக்கியது நீல் டோக்கன் கருவி. இரு ஸ்டேஷன்களிலும் உள்ள கருவிகள் மின்சாரத்தால் பிணைக்கப்பட்டவை. ஒரு பக்கத்தில் ஓர் உலோகப் பந்தை வெளியே எடுத்துவிட்டால், அது மீண்டும் கருவிக்குள் சேரும் வரை இரண்டு பக்கங்களிலும் மற்றொரு பந்தை எடுக்க இயலாது. பந்தைக் கையில் பெற்ற ஓட்டுநரே அப்பாதையில் நுழையலாம். பல இடங்களில் இன்று டோக்கன் இல்லாத முறைகள் வந்துவிட்டன, தத்துவம் மாறவில்லை.

இத்தத்துவத்தில் இரண்டு கூறுகள் உள. பெறுகிறவன் இடம் உண்டு என்று சொன்னாலன்றி அனுப்பலாகாது என்பது ஒன்று. முன்னே சென்றது சேர்ந்தது என்ற உறுதி வராமல் அடுத்ததை விடலாகாது என்பது மற்றொன்று. தகவல் ஓட்டத்துக்கும் இவையே அடிப்படை.

பொட்டலமும் ரசீதும்

நாம் ஒரு புகைப்படத்தை ஊருக்கு அனுப்பும்போது, அது ஒரே உருவாகக் கம்பியில் செல்வதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து செல்கின்றது. ஒரு பொட்டலத்தின் அளவு பெரும்பாலும் 1,500 பைட்டுக்கு மேற்படுவதில்லை. 30 லட்சம் பைட்டு உள்ள ஒரு படம், ஏறக்குறைய 2,000 பொட்டலங்களாக மாறும். ஒவ்வொன்றின் தலைப்பிலும் சேர வேண்டிய முகவரியும், வரிசையில் அதன் இடத்தைக் காட்டும் எண்ணும் இருக்கும். சில முன்னும் பின்னுமாகச் சேரலாம். சில வழியிலேயே தொலைந்தும் போகலாம். பெறும் கருவி அவற்றை எண் வரிசைப்படி அடுக்கி, "இதுவரை வந்து சேர்ந்தன" என்று ரசீது அனுப்பும். ரசீது வராதவற்றை அனுப்பிய கருவி மறுபடியும் அனுப்பும். பார்சல் ஆபீஸின் பதிவுப் புத்தகத்தைப் பார்த்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் தோன்றாது.

ஆனால் ஒற்றைப் பந்து முறையை அப்படியே இங்கே கைக்கொண்டால் காரியம் நடவாது. ஒரு கணக்கைப் பார்ப்போம். கண்ணாடி இழையின் உள்ளே ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்லும். டெல்லிக்கும் சென்னைக்கும் ரயில் வழியே சுமார் 2,200 கிலோமீட்டர். 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ரெயில்டெல் நிறுவனம், நாடெங்கும் தண்டவாளத்தை ஒட்டியே 60,000 கிலோமீட்டருக்கு மேல் இத்தகைய இழையைப் பதித்திருக்கின்றது. ஆதலின் ரயில் தூரத்தையே கணக்குக்குக் கொள்வதில் தவறில்லை. போக 11 மில்லி விநாடி, ரசீது வர 11 மில்லி விநாடி. ஆக 22 மில்லி விநாடி. ஒரு பொட்டலம் அனுப்பி, அதன் ரசீதுக்குக் காத்திருந்து, பிறகு அடுத்ததை அனுப்பினால், 2,000 பொட்டலங்களுக்கு 44 விநாடி ஆகும். ரசீதுக்கு முன்னரே 40 பொட்டலங்களை வரிசையாக விடலாம் என்று அனுமதித்தால், 50 தவணையில் வேலை முடிந்துவிடும். காலம் சுமார் 1 விநாடிதான். எத்தனை பொட்டலங்களை ரசீதின்றி வெளியே விடலாம் என்ற இந்த வரம்புக்கு "ஜன்னல்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பெறுகிறவன் திறக்கும் ஜன்னல்

பெறுகிறவன் சொற்படி நடப்பது என்னும் வழக்கம் கம்ப்யூட்டர் உலகில் பழமையானது. டெலிபிரின்டர் கருவிகள் வழங்கிய காலத்திலேயே, நிறுத்து என்பதற்கு ஒரு குறியும், தொடர்ந்து அனுப்பு என்பதற்கு ஒரு குறியும் இருந்தன. ஆஸ்கி என்னும் எழுத்தெண் பட்டியலில் 19 என்பது நிறுத்தும் குறி. 17 என்பது மீண்டும் தொடங்கும் குறி. அச்சு யந்திரம் தாளில் எழுதி முடிப்பதற்குள் கம்ப்யூட்டர் எழுத்துக்களைக் கொட்டிவிட்டால், யந்திரம் 19-ஐ அனுப்பும், கம்ப்யூட்டர் நின்றுவிடும். இடம் காலியானதும் 17 போகும், ஓட்டம் தொடரும்.

1974-ஆம் ஆண்டில் விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள், வெவ்வேறு வலையமைப்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் முறையை வகுத்து வெளியிட்டனர். அதிலிருந்து வளர்ந்ததே டி.சி.பி. என்னும் விதித் தொகுதி. அமெரிக்க அரசின் ஆர்ப்பாநெட் வலையமைப்பு 1983 ஜனவரி 1-ஆம் நாள் முதல் அவ்விதிகளுக்கு மாறியது. இம்முறையில் நிறுத்து, தொடங்கு என்ற இரண்டு சொற்கள் மட்டும் இல்லை. ஒவ்வொரு ரசீதிலும், "இன்னும் இத்தனை பைட்டுக்கு என்னிடம் இடம் உண்டு" என்று பெறுகிறவன் எண்ணால் எழுதி அனுப்புகின்றான். இடம் குறையக் குறைய எண்ணும் குறையும். முற்றிலும் இடமில்லையானால் சுழி என்று எழுதுவான். அனுப்புகிறவன் நின்றுவிடுவான், ஆனால் உறங்கிவிட மாட்டான். இடைவிட்டு இடைவிட்டு ஒரு சிறு பொட்டலத்தை அனுப்பி, இடம் வந்ததா என்று விசாரிப்பான். ஏனெனில், இடம் உண்டு என்ற மறுமொழி வழியில் தொலைந்துபோனால் இருவரும் ஒருவரை ஒருவர் எதிர்பார்த்து என்றென்றும் சும்மா இருக்க நேரும் அன்றோ?

முதலில் இந்த எண்ணின் உச்ச அளவு 65,535 பைட்டாக இருந்தது. மேலே நாம் கண்ட 40 பொட்டலக் கணக்குக்கு அது சரியாக இருக்கும். கண்ணாடி இழைகளின் வேகம் பெருகப் பெருக அது போதாமற் போகவே, 1992-ஆம் ஆண்டில் ஜன்னலைப் பன்மடங்கு விரிக்கும் விதி சேர்க்கப்பெற்றது.

நடுவழியில் நெரிசல்

இதுகாறும் கூறியது இரண்டு முனைகளைப் பற்றியது. அனுப்புகிறவன் தயார், பெறுகிறவனும் தயார். ஆனால் நடுவே உள்ள யார்டு நிரம்பிக் கிடந்தால் வண்டி எங்ஙனம் போகும்? தகவல் பாதையிலும் நடுவே பல சந்திப்புகள் உள்ளன. ரௌட்டர் எனப்படும் கருவிகள் அங்கே இருந்துகொண்டு, வந்த பொட்டலங்களை வரிசையில் நிறுத்தி, உரிய வழியில் விடுகின்றன. வரிசையில் இடமில்லையானால், புதிதாக வரும் பொட்டலத்தை அவை கைவிட்டுவிடும்.

இதில் ஒளிந்திருந்த பேராபத்தை 1984-ஆம் ஆண்டிலேயே ஜான் நேகிள் என்னும் பொறியியலார் எழுத்தில் எச்சரித்தார். நெரிசலால் ரசீது தாமதிக்கும். தாமதத்தைத் தொலைவு என்று எண்ணி, அனுப்புகிறவன் அதே பொட்டலத்தை மறுபடியும் அனுப்புவான். நெரிசல் இன்னும் பெருகும்; ரசீது இன்னும் தாமதிக்கும். இறுதியில் பாதை முழுவதும் ஒரே பொட்டலத்தின் பிரதிகளே ஓடிக்கொண்டிருக்கும். உருப்படியாக ஒன்றும் போய்ச் சேராது.

அவர் சொன்னது 1986 அக்டோபரில் நடந்தேவிட்டது. அமெரிக்காவில் பெர்க்லி என்னும் ஊரில், லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிக் கூடத்துக்கும் கலிஃபோர்னியா சர்வகலாசாலைக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 400 கஜம். அவற்றுக்கிடையே விநாடிக்கு 32,000 பிட்டு வீதம் ஓடிய தகவல், விநாடிக்கு 40 பிட்டாக வீழ்ந்தது. அதாவது 800-இல் ஒரு பங்கு. கம்பி அறுபடவில்லை, கருவி பழுதாகவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில், தத்தம் செய்தியே முதலில் போக வேண்டும் என்று மீண்டும் மீண்டும் தள்ளியதே காரணம். எழுந்து நடந்து சென்று காகிதத்தைக் கொடுத்திருந்தால் இதைவிட விரைவாகச் செய்தி சேர்ந்திருக்கும்.

அந்த ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த வான் ஜேக்கப்சன், சர்வகலாசாலையைச் சேர்ந்த மைக்கேல் கேரல்ஸ் என்னும் இருவரும் கூடி ஆராய்ந்து பரிகாரம் கண்டனர். 1988-ஆம் ஆண்டில் ஜேக்கப்சன் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். அவர்கள் கம்பியைப் பெருக்கவில்லை; ரௌட்டரை மாற்றவில்லை. அனுப்புகிறவனின் ஒழுக்கத்தை மாற்றினர். தொடக்கத்தில் ஒரே ஒரு பொட்டலம் அனுப்ப வேண்டும். ரசீது வந்தால் இரண்டு, பிறகு நான்கு, பிறகு எட்டு. ஓரளவு சென்றதும் வேகத்தைக் குறைத்து, ஒரு தவணைக்கு ஒரு பொட்டலம் மட்டும் கூட்ட வேண்டும். ஒரு பொட்டலம் தொலைந்ததாகத் தெரிந்தால், அதைப் பாதை நெரிசலின் அறிகுறியாகக் கொண்டு, அனுப்பும் அளவை உடனே பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைத்துக்கொள்ள வேண்டும். ரசீதே வராமல் காலம் கடந்தால், மறு முயற்சிக்கு முன் காத்திருக்கும் நேரத்தை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்க வேண்டும். ஒரு பொட்டலம் பாதையை விட்டு வெளியேறினால் அன்றி மற்றொன்றை உள்ளே விடலாகாது என்பதே அவர்கள் கொண்ட மூலக் கருத்து. இதைப் படிக்கும் ரயில்வேக்காரர் எவரும் லைன் கிளியரை நினையாதிருக்க முடியாது.

அதே 1986-ஆம் ஆண்டில்தான் நம் நாட்டில் எர்நெட் என்னும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு தொடங்கப்பெற்றது, சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் பங்குகொண்டது. பொதுமக்களுக்கு இன்டர்நெட் 1995 ஆகஸ்ட் 15-ஆம் நாள் திறந்துவிடப்பட்டது. நாம் உள்ளே நுழைந்தபோது இந்த ஒழுக்கம் ஏற்கெனவே நிலைபெற்றிருந்தது நம் நற்பேறு எனலாம்.

கேளாமலே கிடைக்கும் சம பங்கு

இவ்வொழுக்கத்தால் விளையும் மற்றொரு நன்மை வியக்கத்தக்கது. 1989-ஆம் ஆண்டில் டா-மிங் சியூ என்பவரும், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பயின்ற ராஜ் ஜெயின் என்பவரும் அதைக் கணித முறையில் நிறுவினர். ஒரு பாதை 100 அளவு தாங்கும் என்போம். ஒருவன் 80-உம் மற்றவன் 20-உம் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். பாதை நிரம்பியதும் இருவரும் பாதியாகக் குறைகிறார்கள், 40, 10. பிறகு இருவரும் ஒரே அளவாகச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பாதையை மீண்டும் நிரப்பினால் 65, 35. மறுபடியும் பாதியாக்கிக் கூட்டினால் 57.5, 42.5. முதலில் 60 ஆக இருந்த வேற்றுமை 30 ஆகி, 15 ஆகிவிட்டது. இன்னும் சில சுற்றுகளில் இருவரும் ஏறக்குறையச் சம பங்கினர் ஆகிவிடுவர். ஒருவரை ஒருவர் அறியார். பங்கு பிரிக்கும் அதிகாரி எவரும் இல்லர். எனினும் இருப்பவன் விட்டுக்கொடுக்க, இல்லாதவன் பெறுகின்றான்.

இதில் ஒரு குறை உண்டென்பதையும் சொல்லிவிட வேண்டும். இப்பங்கீடு ஆளுக்கு ஆள் அன்று, தொடர்புக்குத் தொடர்பு. ஒரு கருவி ஒரே சமயத்தில் பத்துத் தொடர்புகளைத் திறந்துகொண்டால் அது பத்துப் பங்கைப் பெற்றுவிடும். நம் வீட்டிலேயே பெரிய கோப்புகளை இறக்கும் கருவி மற்றவற்றைப் பட்டினி போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீண்ட வரிசை என்னும் நோய்

இவ்வளவு ஒழுங்கிருந்தும் நம் இல்லத்துப் பேச்சு ஏன் முறிகின்றது? அனுப்புகிறவன் பொட்டலம் தொலைந்தால்தான் நெரிசலை அறிகின்றான் என்று மேலே கண்டோம். நினைவுச் சில்லுகள் மலிந்துவிட்டதால், பொட்டலம் தொலையவே கூடாது என்று எண்ணி, ரௌட்டர், மோடம் ஆகியவற்றில் காத்திருக்கும் இடத்தை மிகப் பெரிதாக வைத்துவிட்டனர். நல்லெண்ணத்தால் விளைந்த தீமை இது. பொட்டலங்கள் தொலைவதில்லை, ஆனால் வரிசையில் நின்று கிடக்கின்றன. அனுப்புகிறவனோ நெரிசலை அறியாமல் மேலும் மேலும் அனுப்பிக்கொண்டே இருக்கின்றான்.

கணக்கைப் பாருங்கள். வீட்டிலிருந்து வெளியே அனுப்பும் வழி விநாடிக்கு 10 லட்சம் பிட்டு என்றும், மோடத்தின் காத்திருப்பு இடம் 10 லட்சம் பைட்டு என்றும் கொள்வோம். ஒரு பைட்டு 8 பிட்டு. ஆகவே அவ்வரிசை நிரம்பிவிட்டால், அதன் பின்னால் வந்து நிற்கும் பொட்டலம் 8 விநாடி காத்திருக்க வேண்டும். பேச்சுக்கோ, ஒரு பக்கமாகச் செல்லும் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருப்பது நலம் என்றும், 400-ஐக் கடக்கலாகாது என்றும் சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கம் வரையறுத்துள்ளது. நீங்கள் ஊரோடு பேசிக்கொண்டிருக்கையில், பக்கத்து அறையில் பையனின் கைப்பேசி, சுற்றுலாவில் எடுத்த நூறு படங்களைத் தானாகவே மேலே ஏற்றிக்கொண்டிருந்தால், உங்கள் குரல் அந்தப் படங்களின் பின்னால் வரிசையில் நிற்கின்றது. கூட்ஸ் வண்டிகளின் பின்னே எக்ஸ்பிரஸ் வண்டி மாட்டிக்கொண்ட கதைதான்.

இந்நோயை 2010-ஆம் ஆண்டு வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்னும் பொறியியலார் தம் சொந்த வீட்டு இணைப்பிலேயே கண்டறிந்து ஊரறியச் செய்தார். 2012-ஆம் ஆண்டில் கேத்லீன் நிக்கல்ஸ் என்ற அம்மையாரும், முன் சொன்ன ஜேக்கப்சனும் சேர்ந்து மருந்து கண்டனர். வரிசை எவ்வளவு நீளம் என்று பாராமல், ஒரு பொட்டலம் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்க வேண்டும். தொடர்ந்து மிகுதியாக நிற்குமானால் முன்கூட்டியே ஒன்றைக் கைவிட்டு, அனுப்புகிறவனுக்கு உணர்த்த வேண்டும் என்பதே அம்முறை. கைவிடாமலே உணர்த்தும் வழியும் உண்டு. கே. கே. ராமகிருஷ்ணனும் அவரோடு இருவரும் எழுதி 2001-ஆம் ஆண்டில் விதியாக வெளிவந்த முறைப்படி, நெரிசல் தொடங்கும்போதே ரௌட்டர் பொட்டலத்தின் தலைப்பில் ஒரு குறி இடும். பெறுகிறவன் அதைக் கண்டு அனுப்புகிறவனுக்குத் தெரிவிப்பான். சிவப்பு விழுமுன் மஞ்சள் விளக்குக் காட்டுவதை ஒத்தது இது.

குரலுக்கு வேறு நீதி

இங்கே ஓர் ஐயம் எழலாம். தொலைந்த பொட்டலத்தை மறுபடி அனுப்பும் முறை குரலுக்கும் பொருந்துமா? பொருந்தாது. படத்தில் ஒரு துண்டு சற்றுப் பிந்தி வந்தாலும் பயனுண்டு. பேச்சில் ஒரு அசை அரை விநாடி கழித்து வந்தால் அதனால் குழப்பமே மிஞ்சும். ஆகவே நேரில் பேசும் அழைப்புகள் பெரும்பாலும் யு.டி.பி. என்னும் வேறு முறையில் செல்கின்றன. அம்முறையில் ரசீதும் இல்லை. தானாக மறு அனுப்புதலும் இல்லை.

அப்படியானால் கட்டுப்பாடும் இல்லையோ எனின், அக்கடமையை அழைப்புச் செயலியே ஏற்றுக்கொள்கின்றது. தாமதத்தையும் தொலைவையும் அளந்து, பாதை இறுகும்போது படத்தின் தெளிவைக் குறைத்து, குரலைக் காக்கின்றது. திரையில் முகம் மங்கலாகும்போது கருவி கெட்டுவிட்டது என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். உண்மையில், பேச்சு அறுந்துபோகாமல் இருக்க அது முகத்தின் தெளிவைத் தியாகம் செய்கின்றது. அவ்வேளையில் படத்தை நாமே நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொள்வது அதற்குச் செய்யும் உதவியாகும்.

இல்லங்களில் செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றால் நம் குடும்பங்கள் கைக்கொள்ளக்கூடிய சில முறைகள் உள.

முதலாவது, நோயை அறிதல். கைப்பேசியில் வேகம் பார்க்கும் செயலிகளில் "பிங்" என்று ஒரு எண் வரும். அது ஒரு பொட்டலம் போய்த் திரும்பும் நேரம், மில்லி விநாடியில். வீட்டில் எவரும் இணைப்பைப் பயன்படுத்தாதபோது ஒரு முறையும், ஒரு பெரிய படக் கோப்பு மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது ஒரு முறையும் அதைப் பாருங்கள். 30 ஆக இருந்தது 40 ஆனால் கவலையில்லை. 500, 1,000 என்று தாவினால் நோய் வரிசையில் இருக்கின்றது. அதிவேகத் திட்டத்துக்குப் பணம் கட்டுமுன் வரிசையைச் சீர் செய்யுங்கள்.

இரண்டாவது, கூட்ஸ் வண்டிகளை இரவில் விடுதல். படங்கள் தானாக மேலே ஏறுவதையும், செயலிகள் தம்மைப் புதுப்பித்துக்கொள்வதையும் இரவு நேரத்துக்கு ஒதுக்கி வைக்கலாம். மொபைல் இணைப்பிலும் கேபிள் இணைப்பிலும் அனுப்பும் வழி, பெறும் வழியினும் பெரும்பாலும் குறுகியது. ஆதலின் மேலே ஏற்றும் வேலையே பேச்சை முதலில் கெடுக்கும்.

மூன்றாவது, ரௌட்டரின் அமைப்பைப் பார்த்தல். சில ரௌட்டர்களில் வரிசையை முறைப்படுத்தும் வசதி உண்டு. அதை இயக்கி, அளந்து கண்ட வேகத்தில் 85 முதல் 90 விழுக்காட்டை உச்ச வரம்பாகக் குறித்துவிட்டால், வரிசை மோடத்தில் தேங்காமல் ரௌட்டரிலேயே ஒழுங்காகும். சிறிது வேகத்தை விட்டுக்கொடுத்துத் தாமதத்தைப் பெருமளவு குறைப்பதே இதன் பொருள்.

நான்காவது, காற்று வழியையும் எண்ணுதல். வைஃபை அலையில் ஒரே வரிசையில் ஒரு நேரத்தில் ஒரு கருவியே பேச முடியும். மற்றவை செவி கொடுத்துக் காத்திருந்து, அமைதியானதும் பேசும். அடுக்கு மாடிக் குடியிருப்புகளில் அண்டை வீட்டாரின் கருவிகளும் இதில் பங்காளிகள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை விட 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் நெரிசல் பொதுவாகக் குறைவு. ஆனால் அது சுவரைத் தாண்டித் தொலைவு செல்லாது. இயன்றால் தொலைக்காட்சிப் பெட்டியைக் கம்பியாலேயே இணைத்துவிடுங்கள். காற்று வழி பேச்சுக்கு ஓய்ந்து கிடைக்கும்.

ஐந்தாவது, பொறுமை. ஊருக்குப் போக தத்கால் டிக்கெட் எடுக்க, குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணிக்கும், மற்ற வகுப்புக்கு 11 மணிக்கும் நாடெங்கும் விரல்கள் திரையில் பாய்கின்றன. பதில் வரச் சற்றுத் தாமதித்தால் அதே பொத்தானைப் பத்து முறை அழுத்துவோர் பலர். ஒவ்வொரு அழுத்தமும் ஒரு புதிய கோரிக்கை. முந்தியவற்றின் பின்னால் அதுவும் போய் நிற்கும். 1986-இல் பெர்க்லியில் யந்திரங்கள் செய்த பிழையை நாம் விரலால் செய்ய வேண்டுவதில்லை.

முடிவாக

உலகெங்கும் கோடிக்கணக்கான கருவிகள் பங்குகொள்ளும் இப்பெரும் பாதைக்கு, நடுவே அமர்ந்து ஆணையிடும் கன்ட்ரோலர் எவரும் இல்லை. தொலைந்த பொட்டலத்தைக் கண்டு தானே பாதியாகக் குறைத்துக்கொள்ளும் ஒவ்வொரு கருவியின் அடக்கமே இதைத் தாங்கி நிற்கின்றது. அவ்வடக்கத்தை மீறி எல்லாரும் முந்த முயன்றபோது, 400 கஜ தூரத்தைக் கூடச் செய்தி கடக்க முடியாமற் போயிற்று. மீண்டும் எல்லாரும் அளவறிந்தபோது, கண்டங்களைக் கடந்து செல்கின்றது.

ஒரே இணைப்பைப் பலர் பகிரும் நம் வீடுகளுக்கும் இது பொருந்தும். வீட்டில் பாட்டியோடு ஒருவர் பேசும் அரை மணி நேரம், மற்றவர்கள் தம் படத்தையும் விளையாட்டையும் சற்று நிறுத்தி வைத்தால் எவருக்கும் பெரு நஷ்டம் இல்லை. மறுமுனையில் இருப்பவருக்கோ, அந்த அரை மணி நேரமே வாரம் முழுவதற்குமான பேச்சு. அதற்கு லைன் கிளியர் கொடுப்பது நம் கையில் இருக்கின்றது.